வரிசையில் நிற்கச் சொல்கிறீர்கள், வரிசை எங்கே?

தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழரின் குடியுரிமை பற்றிப் பேச்செடுத்தால் உடனே வந்து விழும் பதில் ஒன்று உண்டு: “யார் தடுத்தார்கள்? மற்ற வெளிநாட்டவரைப் போல முறைப்படி விண்ணப்பிக்கட்டும், வரிசையில் நிற்கட்டும், தகுதி இருந்தால் கிடைத்துவிட்டுப் போகிறது.” தொலைக்காட்சி விவாதங்களில் இதைக் கேட்கிறோம். படித்தவர்கள் கூடும் இடங்களில் இன்னும் நிதானமான குரலில் கேட்கிறோம். சொல்பவர்களில் பெரும்பாலோர் வன்மம் கொண்டவர்கள் இல்லை. சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்று நம்புகிற நல்லவர்கள். சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்க்காத நல்லவர்கள் என்பதுதான் சிக்கல்.

திறந்து பார்ப்போம். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வெளிநாட்டவருக்கு இரண்டு வாசல்களை வைத்திருக்கிறது. ஐந்தாவது பிரிவு, இந்திய வம்சாவளியினர் 7 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருந்தால் பதிவின் மூலம் குடிமக்களாகலாம் என்கிறது. ஆறாவது பிரிவு, வம்சாவளி எதுவாக இருந்தாலும் நீண்டகாலம் வாழ்ந்ததன் பேரில் குடியுரிமை கேட்கலாம் என்கிறது. அதற்கான நிபந்தனைகள் மூன்றாவது அட்டவணையில் உள்ளன. விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதங்கள் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும். அதற்கும் முந்தைய 14 ஆண்டுகளில் மொத்தம் 11 ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். நன்னடத்தை வேண்டும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தொடர்ந்து இந்தியாவில் வாழும் எண்ணம் வேண்டும்.

இந்த அளவுகோலைத் திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருக்கும் ஒருவர்மேல் வைத்துப் பாருங்கள். 1990இல் வந்தவர். முப்பத்தைந்து ஆண்டுகளாக இங்கேதான் வாழ்க்கை. மொழி தமிழ். நடத்தையைப் பற்றிக் கியூ பிரிவுக் காவல்துறையிடம் கோப்பு இருக்கிறது. குறித்த நாளில் ‘செக்கிங்’ வரும்போது ஆள் முகாமில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் அரசு மாதந்தோறும் தரும் பணக்கொடை நின்றுபோகும். அதனால் அவர் இந்தியாவில் வாழ்ந்தார் என்பதற்கு மாதாமாதம் அரசே எழுதிவைத்த சாட்சி இருக்கிறது. இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேரால் அப்படியொரு சாட்சியைக் காட்ட முடியும்? தகுதிப் போட்டி என்று ஒன்று இருந்தால் முதல் வரிசையில் உட்கார வேண்டியவர் அவர்.

ஆனால் அவரால் விண்ணப்பிக்கவே முடியாது. 2003இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2004 டிசம்பர் 3இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த இரண்டு வாசல்களிலும் ஒரே பூட்டைப் போட்டது. ‘சட்டவிரோதக் குடியேறி’ எவரும் எந்தப் பிரிவிலும் விண்ணப்பிக்கக் கூடாது. யார் சட்டவிரோதக் குடியேறி? செல்லுபடியாகும் கடவுச்சீட்டோ பயண ஆவணமோ இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர், அல்லது அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவர். அவ்வளவுதான் இலக்கணம். ஏன் வந்தார், யார் துரத்தினார்கள், வந்தபின் அரசிடம் பதிவு செய்தாரா, எத்தனை ஆண்டாயிற்று என்று எந்தக் கேள்வியும் அதில் இல்லை. ஒரு நாள் முன்பு வந்தவருக்கும் நாற்பது ஆண்டுக்கு முன்பு வந்தவருக்கும் ஒரே பெயர்.

பூட்டு அவரோடு நிற்கவில்லை, பிள்ளைகளையும் சேர்த்துப் பூட்டியது. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தையின் பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகளாகவே இருக்கட்டும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி என்றால் குழந்தை இந்தியக் குடிமகன் ஆகாது. முகாம் பையனைக் கட்டிக்கொண்ட திருச்சிப் பெண்ணின் பிள்ளைக்குத் தாய்நாடு இல்லை. தாய் மட்டும் இருக்கிறாள்.

இதையும் தாண்டி விண்ணப்பப் படிவத்தை ஒருவர் நிரப்ப உட்கார்ந்தால், அது செல்லுபடியாகும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டின் நகலையும் வசிப்பிட அனுமதியின் நகலையும் கேட்கும். எரிந்த வீட்டிலிருந்து ஓடிவந்தவரிடம் வீட்டுச் சாவி கேட்பது போன்றது இது. எல்லாம் கைகூடி விண்ணப்பம் தில்லிக்கே போய்ச் சேர்ந்தாலும் பதினான்காவது பிரிவு காத்திருக்கிறது. ஏற்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம், மறுத்தால் காரணம் சொல்லத் தேவையில்லை. ஆக, “வரிசையில் நிற்கட்டும்” என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்த வரிசையில்?

அடுத்து வரும் வாதம் இது: “கடவுச்சீட்டு இல்லாமல் வந்தது தவறுதானே, தவறுக்குப் பரிசா?” ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல் 1984இல் நின்றுபோனது. நிறுத்தியவர்கள் அகதிகள் இல்லை. 1983 சூலைக் கலவரத்துக்குப் பிறகு வீடு எரிந்து, உறவு செத்து, கடற்கரைக்கு ஓடிவந்தவர் முன்னால் இருந்தது மீன்பிடிப் படகுதான். கொழும்புக்குப் போய், பாதுகாப்புச் சோதனைகளைக் கடந்து, கடவுச்சீட்டு வாங்கி, விசா குத்தி வந்திருக்கலாமே என்று குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு சொல்லலாம். இங்கே வந்தபின் இவர்கள் ஒளியவும் இல்லை. மண்டபத்தில் இறங்கி, அதிகாரிகள் முன் பெயர் கொடுத்து, பதிவு எண் வாங்கி, அரசு ஒதுக்கிய முகாமுக்கு அரசு ஏற்பாட்டில் போனவர்கள். சோறும் கூரையும் பணக்கொடையும் கொடுத்து, குடும்ப அட்டையும் கொடுத்து, நாற்பது ஆண்டு பேரேட்டில் பெயர் வைத்திருந்துவிட்டு, “நீ இங்கே இருப்பதே சட்டவிரோதம்” என்று ஓர் அரசு சொல்வது என்ன நியாயம்?

இன்னொரு கணக்கு இதைவிடக் கனமானது. முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானோர் ஈழத்தின் வடகிழக்கைச் சேர்ந்தவர்கள் இல்லை, மலையகத் தமிழர்கள். இவர்களுடைய பாட்டன் பூட்டன்கள் புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள். அப்படிக் கொண்டுபோகும்போது நோய்த்தடுப்புக்காக அடைத்துவைத்த இடம் மண்டபம் முகாம். பேரப்பிள்ளைகள் அகதியாகத் திரும்பி வந்து இறங்கியதும் அதே மண்டபம் முகாம்.

1948இல் சுதந்திர இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இவர்களை ஒரே வீச்சில் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிறகு, 1974இல், அந்த மீதியையும் இந்திரா காந்தி காலத்தில் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்கு போடப்பட்டவர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கையெழுத்தின் பொருள் தெளிவானது. இத்தனை லட்சம் பேர் எங்கள் மக்கள் என்று இந்தியா ஒப்புக்கொண்டது.

ஒப்பந்தப்படி கப்பலேறி வந்தவர்கள் குடிமக்கள் ஆனார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் அரசு தேயிலைத் தோட்டங்களில் அவர்களுக்கு வேலை கொடுக்கப்பட்டது. வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்து, கலவரம் வெடித்து, கப்பலும் நின்றபின் படகில் வந்தவர்கள் அகதிகள். அவர்களில் இந்தியக் குடியுரிமைக்கு அங்கேயே விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களும் உண்டு. தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில் பிறந்த அண்ணன் 1980இல் கப்பலில் வந்ததால் இந்தியன், தம்பி 1990இல் படகில் வந்ததால் சட்டவிரோதக் குடியேறி. அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் இரத்தமா, விசுவாசமா, நன்னடத்தையா? எதுவுமில்லை. ஒரு கப்பல் நின்றுபோன தேதி.

இதைத்தான் 2019 சூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பார்த்தது. கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் தொடுத்த வழக்கில், அவர்கள் ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம், ஆட்சியர் அதை மேலே அனுப்ப வேண்டும், மத்திய அரசு காலக்கெடுவுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் உத்தரவிட்டார். சட்டத்தின் எழுத்தைத் தளர்த்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். முகாம்கள் இன்னும் முகாம்களாகவே இருக்கின்றன.

“தளர்த்த முடியாது, சட்டம் என்றால் சட்டம்” என்று வாதிடுபவர்கள் இந்தியாவின் சொந்த வரலாற்றைப் புரட்டுவது நல்லது. அசாம் உடன்பாட்டுக்குப் பிறகு குடியுரிமைச் சட்டத்தில் 6ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 1966 சனவரி 1க்கு முன் கிழக்கு வங்கத்திலிருந்து அசாமுக்கு வந்தவர்கள் குடிமக்களாகவே ஏற்கப்பட்டார்கள். அதன்பின் 1971 மார்ச் 25க்கு முன்வரை வந்தவர்கள் பதிவு செய்துகொண்டு பத்தாண்டு கழித்து முழு உரிமை பெறலாம் என்றானது. அவர்கள் கையில் என்ன கடவுச்சீட்டு இருந்தது? அந்தப் பிரிவு செல்லும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அருணாசலப் பிரதேசத்தில் 1960களில் வந்து தங்கிய சக்மா, ஹஜோங் மக்களுக்குக் குடியுரிமை வழங்கும்படி 2015இல் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019இன் திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு சமயத்தாரைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்ற பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டது. பதினோரு ஆண்டு நிபந்தனையையும் ஐந்தாகக் குறைத்தது. பூட்டைத் திறக்கும் சாவி தில்லியிடம் இல்லாமல் இல்லை. மூன்று முறை திறந்து பார்த்த சாவிதான் அது.

2019 திருத்தச் சட்டத்தில் இலங்கை ஏன் இல்லை என்று கேட்டால், அது சமயக் கொடுமைக்கு ஆளானவர்களுக்கான சட்டம், இலங்கையில் நடந்தது இனப் பிரச்சினை என்று விளக்குகிறார்கள். வீட்டைக் கொளுத்தியவன் நெற்றியைப் பார்த்தானா, நாக்கைப் பார்த்தானா என்பதை வைத்துத்தான் கருணையின் அளவு முடிவாகும் என்றால், அந்தக் கருணை எனக்குப் புரியவில்லை. முகாம்களில் பெரும்பாலோர் இந்துக்கள், அடுத்து கிறித்தவர்கள். சட்டம் பெயர் சொல்லிச் சேர்த்த ஆறு சமயங்களில் இரண்டு. அவர்களைக்கூட வெளியே நிறுத்திய சட்டத்தைத் தர்க்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2025 மே மாதம் ஒரு வழக்கில், உலகம் முழுவதிலிருந்தும் வருபவர்களை வைத்துக்கொள்ள இந்தியா ஒரு தர்மசாலையா என்ற பொருளில் உச்ச நீதிமன்ற அமர்வு வாய்மொழியாகக் கேட்டது. அந்த வழக்கு ஒரு தனிமனிதரைப் பற்றியது. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்ற ஒருவர், தன்னை நாடு கடத்தக் கூடாது என்று கேட்டிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தை எடுத்து முகாம்களில் இருக்கும் அத்தனை பேர் நெற்றியிலும் ஒட்டிவிட்டார்கள் நம் விவாத வீரர்கள். எண்ணிக்கையைப் பாருங்கள். 2021இல் மாநில அரசு சொன்ன கணக்குப்படி முகாம்களில் சுமார் 58,000 பேர், முகாமுக்கு வெளியே காவல் நிலையங்களில் பதிந்துகொண்டு சுமார் 34,000 பேர். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.2 கோடி. முகாம்வாசிகள் ஆயிரம் பேருக்கு ஒருவர்கூட இல்லை. இவர்கள் தாங்கமுடியாத பாரமாம்!

பாரம் என்பதன் உள்கணக்கையும் பார்க்க வேண்டும். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று 2021இல் பணக்கொடை உயர்த்தப்பட்டது. அரசு ஏன் அதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது? படித்த பிள்ளை அரசு வேலைக்குப் போக முடியாது. கடவுச்சீட்டு இல்லாததால் வளைகுடாவுக்கும் போக முடியாது. சொந்தமாக நிலம் வாங்கித் தொழில் தொடங்க வழியில்லை. பொறியியல் படித்தவன் பெயிண்ட் அடிக்கப் போகிறான். கையைக் கட்டிப் போட்டுவிட்டு, “நாம்தானே சோறு போடுகிறோம்” என்று பெருமை பேசுகிறோம். குடியுரிமை கொடுத்த மறுநாளே பணக்கொடையை நிறுத்திவிடலாம். செலவுதான் கவலை என்றால் மிகமிக மலிவான தீர்வு அதுதான்.

“போர் 2009இலேயே முடிந்துவிட்டதே, திரும்பிப் போகட்டும்” என்கிறார்கள். போக விரும்புகிறவர்கள் போகட்டும், போகிறார்கள், அவர்களுக்கு எல்லா உதவியும் செய்ய வேண்டும். ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளி முடித்து, இங்கேயே கல்யாணம் செய்துகொண்ட முப்பது வயதுக்காரருக்குத் திரும்பிப் போக ஏது ஊர்? அவர் இலங்கையைப் பார்த்ததே இல்லை. இலங்கையும் 2003இலும் 2009இலும் சட்டம் இயற்றி, இந்திய வம்சாவளித் தமிழருக்கு, இந்தியாவில் அகதிகளாக இருப்பவர்கள் உட்பட, குடியுரிமை பெறும் வழியை எளிதாக்கியதே என்பது நியாயமான குறுக்குக் கேள்வி. எளிதாக்கியது உண்மை. ஆனால் மலையகத் தமிழருக்கு அங்கே இருந்தது தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமான லயத்து அறை. வேலையை விட்டுப் போனவனுக்கு அதுவும் இல்லை. காகிதம் இருக்கிறது, வாசற்படி இல்லை.

இனி, எதிர்முகாமில் அல்லாமல் நம் பக்கத்திலேயே நின்று சொல்லப்படும் மறுப்பு. “இவர்களுக்கு இந்தியக் குடியுரிமை கொடுத்தால் ஈழத்தில் தமிழர் எண்ணிக்கை குறையும், தாயகக் கோரிக்கை வலுவிழக்கும்.” இதைச் சொல்பவர்களில் நான் மதிக்கும் பெரியவர்களும் உண்டு. அவர்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் டொரண்டோவிலும் லண்டனிலும் பாரிசிலும் குடியுரிமை பெற்ற லட்சக்கணக்கான ஈழத் தமிழரிடம் இந்தக் கோரிக்கையை யாராவது வைத்ததுண்டா? அங்கே குடியுரிமை வாங்கினால் சாதனை, கும்மிடிப்பூண்டி முகாமில் கேட்டால் துரோகமா? தாயகத்தின் தலைக்கணக்கைக் காப்பாற்றும் பொறுப்பை மிக ஏழையான அகதியின் தலையில் மட்டும் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியாது.

கனடாவை ஒரு நிமிடம் பார்க்கலாம். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்து கரையோரக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதில் முதலில் பொய்கூடச் சொன்னார்கள். அந்த நாட்டிலும் கூச்சல் எழுந்தது. ஆனாலும் தங்க அனுமதி கிடைத்தது, காலப்போக்கில் குடியுரிமையும் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1983இல் சிறுவனாகக் கனடாவுக்குப் போன கெரி ஆனந்தசங்கரி 2025இல் அந்நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். ஐந்தாண்டில் 1,095 நாட்கள் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது அங்கே அடிப்படை நிபந்தனை. அதே 1983இல் அதே தீவிலிருந்து முப்பது கிலோமீட்டர் கடலைக் கடந்து, தன் மொழி பேசுகிற மண்ணுக்கு வந்த சிறுவன் இன்னும் முகாம் எண்ணோடு இருக்கிறான். ஐம்பது வயதைத் தொட்டிருப்பான்.

நம் கட்சிகளையும் சும்மா விடுவதற்கில்லை. 2019 திருத்தத்துக்கு மாநிலங்களவையில் கைதூக்கிய அ.தி.மு.க., இலங்கைத் தமிழருக்கு இரட்டைக் குடியுரிமை கேட்போம் என்று சமாதானம் சொன்னது. இந்திய அரசியலமைப்பின் ஒன்பதாவது உறுப்பும் குடியுரிமைச் சட்டமும் இரட்டைக் குடியுரிமைக்கு இடமே வைக்கவில்லை. கிடைக்காது என்று தெரிந்த ஒன்றைக் கேட்பது எதையும் கேட்காமலிருப்பதற்கு வசதியான வழி. தி.மு.க. அரசு 2021இல் அத்திருத்தத்தை எதிர்த்துச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டது, முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட புது வீடுகளை அறிவித்தது. வீடுகள் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் வீடு கட்டிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று எந்த அரசும் நினைக்க முடியாது.

ஏனென்றால் மாநில அளவிலேயே செய்யக்கூடிய வேலை பாக்கியிருக்கிறது. 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 1987 சூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகள் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அவர் விண்ணப்பித்துப் பெற வேண்டியதே இல்லை, ஏற்கெனவே இந்தியர். அதைச் சொல்லவைக்க 2022இல் உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 2024 தேர்தலில்தான் முதன்முறையாக வாக்களித்தார். இவரைப் போல எத்தனை பேர் முகாம்களில் இருக்கிறார்கள் என்று பிறப்புப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதற்குத் தில்லி வரை போகவேண்டியதில்லை, வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம் போதும்.

தில்லியில் செய்யவேண்டியதும் மலையைப் புரட்டும் வேலையில்லை. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின்கீழ் வெளியான விலக்கு ஆணை, 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, ஆவணமில்லாமல் இருப்பதற்கான தண்டனை விதிகளிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. இதேபோன்ற விலக்குத்தான் 2015இல் பாகிஸ்தான், வங்கதேசச் சிறுபான்மையினருக்குக் கொடுக்கப்பட்டது. நான்கு ஆண்டு கழித்து அதன்மேல்தான் குடியுரிமைத் திருத்தம் கட்டப்பட்டது. முதல் படி போட்டாயிற்று என்றால், இரண்டாவது படியைக் கேட்கவேண்டியவர்கள் யார்?

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போயிருக்கும் 39 பேரும் மாநிலங்களவையில் இருக்கும் 18 பேரும் கட்சி பார்க்காமல் ஒரே கோரிக்கையை எழுத்தில் வைக்கட்டும்: குடியுரிமைச் சட்டத்தின் 2(1)(பி) பிரிவில், பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்படமாட்டார்கள் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த ஒரு வரி வந்தபிறகு, முகாமில் இருப்பவர்கள் மற்ற வெளிநாட்டவரைப் போல முறைப்படி விண்ணப்பிக்கட்டும், வரிசையில் நிற்கட்டும்.